அலுப்பு முளைத்த கிழங்குகள்

மலைப்பாதை தன் கடைசி வளைவையும் சுற்றி முடித்துச் சமவெளியில் இறங்குகிற இடத்தில் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் மனிதர்களைவிட உருளைக்கிழங்கு அதிகம், உருளைக்கிழங்கைவிட அலுப்பு அதிகம். மேலே மலையில் தோண்டுகிற கிழங்கெல்லாம் லாரியேறி அங்கேதான் வந்து விழும், அங்கேதான் பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து அதைப் பெரிது, நடுத்தரம், பொடி, கழிவு என்று பிரிப்பார்கள், அங்கேதான் ஆண்கள் அதைச் சிப்பம் சிப்பமாகத் தைத்து மறுபடியும் லாரியேற்றுவார்கள். கிழங்கு போய்விடும். அலுப்பு மட்டும் ஊரைவிட்டு ஒருநாளும் போனதில்லை.

அங்கே ஒரு மண்டியில் துளசிமணி என்று ஒருத்தி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை தாண்டி ஒரு கெட்ட கிழங்கு சிப்பத்துக்குள் போனதில்லை என்பது அவளுக்கு இருந்த ஒரே பெருமை. அதைக்கூட அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, சொல்ல நேரம் இருந்தால்தானே. விடியுமுன் எழுந்து குழாயடியில் குடத்தை வரிசையில் வைக்க வேண்டும், வைத்துவிட்டு வந்து கட்டிலில் கிடக்கும் புருஷன் நாச்சிமுத்துவைத் துடைத்துப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், கஞ்சி காய்ச்ச வேண்டும், ஊட்ட வேண்டும், மண்டிக்கு ஓட வேண்டும், மத்தியானம் ஒரு நடை வந்து மறுபடியும் அவனைப் புரட்ட வேண்டும். நாச்சிமுத்து அதே மண்டியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன்தான். லாரியின் உச்சியிலிருந்து சிப்பத்தோடு சிப்பமாக விழுந்த நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே அவனுக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. ஒரே மகள் சுகந்தி கோயமுத்தூரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். அந்த ஒருத்தியாவது வாழ்க்கையில் குத்தவைத்து உட்காராமல் இருக்கட்டும் என்பதற்காகத்தான் துளசிமணி இத்தனையும் சுமந்தாள். அவளுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் கழிவிலிருந்து கொஞ்சம் கிழங்கை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போகலாம் என்பது மண்டி வழக்கம். அள்ளிக்கொண்டு வருவது சுலபம், வைக்க இடம் வேண்டுமே. கிழங்குக்கு வெயில் ஆகாது, பச்சையடித்துக் கசந்துபோகும். ஈரம் ஆகாது, அழுகும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வேர்த்துப் புழுங்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் இனிப்பேறி வறுவல் கறுத்துப்போகும் என்பார்கள், அது ஃப்ரிட்ஜ் இருக்கிறவர்கள் படவேண்டிய கவலை. வரிசையாக அறைகள் கட்டிவிட்ட வளவில் அவர்களுக்கு இருந்தது ஒற்றை அறை. நாச்சிமுத்துவின் கட்டிலுக்கு அடியில் எந்நேரமும் ஈரம். பழப்பெட்டிப் பலகைகளை ஆணியடித்துச் செங்கல் மேல் நிறுத்தி ஒரு பெஞ்சு செய்து அதில்தான் அவள் படுப்பாள், அந்தப் பெஞ்சுக்கு அடியில் இருட்டு இருந்தது, காற்று இருந்தது, ஈரம் இல்லை. அங்கே சாக்கை விரித்துக் கிழங்கைப் பரப்பினாள். எல்லாம் சரியாகச் செய்தவள் ஒரே ஒரு தப்புச் செய்தாள். சின்ன வெங்காயக் கொத்தையும் அதே பெஞ்சின் விளிம்பில் கட்டித் தொங்கவிட்டாள். வெங்காயத்தைப் பக்கத்தில் வைத்தால் கிழங்கு சீக்கிரம் முளைத்துக்கொள்ளும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான், ஆனால் ஓர் அறையில் எதை எதற்குத் தூரமாக வைப்பது?

சில நாள் கழித்து ஒரு காலையில் அவள் எழுந்தபோது அலுப்பைக் காணவில்லை.

முதலில் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக அவள் எழும்போது கூடவே எழுந்து, குடம் தூக்கும்போது கூடவே தூக்கி, படுக்கும்போது அவளுக்கு முன்னால் படுத்துக்கொண்ட ஒன்று, சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போயிருக்கும்? இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், முழங்காலை மடக்கிப் பார்த்தாள், தோளைச் சுழற்றிப் பார்த்தாள், எங்கேயும் இல்லை. நாச்சிமுத்துவை ஒரு தலையணையைப் புரட்டுவது போலப் புரட்டினாள். அவன் வியப்போடு அவள் முகத்தைப் பார்த்தான்.

அலுப்பு போன இடத்தைக் கண்டுபிடித்தது அடுத்த அறைச் சபூரா. குழாயடியில் இவளுக்கு அடுத்த குடம் எப்போதும் சபூராவுடையதுதான்.

"துளசி, குருமாவுக்கு ரெண்டு கெழங்கு எடுத்துக்கறேன்" என்று உரிமையோடு உள்ளே வந்து பெஞ்சுக்கு அடியில் கைவிட்டு எடுத்தவள், வாசலைத் தாண்டுமுன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா ஆச்சு?"

"தெரியல கண்ணு. காலு ரெண்டும் கழண்டு போன மாதிரி இருக்குது. இடுப்பு விண்ணு விண்ணுங்குது."

கிழங்கைக் கீழே வைத்தாள், எழுந்தாள். எடுத்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். இன்னொரு முறையும் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இது உன்ற அலுப்பு துளசி. எனக்குத் தெரியாதா? இத்தன வருசமா உன்ற பக்கத்துல நின்னு தண்ணி புடிக்கறேன். நீ மேல படுத்திருக்கறப்ப கெழங்கு எறக்கி வாங்கிக்கிச்சு."

"அப்ப குருமாவுக்கு என்னக்கா பண்ணுவீங்க?"

"குருமாவுக்கு வேற கெழங்கு வாங்கிக்கறேன்."

அன்று சாயங்காலமே சபூரா தன் பாய்க்கு அடியில் ஒரு பலகையும் பலகைக்கு அடியில் கிழங்கும் வைத்தாள். மறுநாள் வளவு முழுக்க வைத்தார்கள், அடுத்த வாரம் ஊர் முழுக்க வைத்தார்கள். லோடுமேன்கள் வைத்தார்கள், இட்லிக்கடைக்காரிகள் வைத்தார்கள், மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவர்கள் இருக்கைக்கு அடியில் வைத்தார்கள், கல்யாண வேலையில் களைத்தவர்களும் கல்யாணம் முடிந்து களைத்தவர்களும் வைத்தார்கள். அலுப்பைக் கிழங்கில் இறக்கிவிட்டு நோன்பிருந்தால் அது நோன்பாகுமா என்று பள்ளிவாசலில் ஒரு சாயங்காலம் பேசினார்கள், நடந்தே மலையேறுகிற வேண்டுதலுக்குப் பையில் கிழங்கு கொண்டுபோகலாமா என்று கோயில் கமிட்டியில் ஒரு காலை பேசினார்கள், இரண்டு இடத்திலும் பேசினவர்களுக்கு அலுப்பே வராததால் பேச்சு முடியவில்லை. அரசாங்கத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். இருட்டில் வையுங்கள், காற்றோட்டமாக வையுங்கள், பச்சை நிறம் வந்ததைச் சாப்பிடாதீர்கள் என்று சொன்னார், பிறகு குரலைத் தாழ்த்தித் தனக்கு ஒரு பை கிடைக்குமா என்று கேட்டார்.

மண்டிக்காரர் வெள்ளிங்கிரிக்கு விஷயம் தெரிய ரொம்ப நாள் ஆகவில்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் நல்ல மனுஷனுக்கும் லாபம் கண்ணில் படாமல் போகாது. முதலில் நான்கு மணி டீ நின்றது. பிறகு மத்தியானச் சோற்று நேரம் சுருங்கியது. யாராவது தயங்கித் தயங்கிப் போய் நின்றால் சிரித்துக்கொண்டே கேட்பார், "அலுப்புதான் இல்லியே, அப்பறம் எதுக்கு அம்மிணி லீவு?" வந்தவர்கள் திரும்பிப் போய்க் குவியலின் முன் உட்கார்ந்துகொள்வார்கள். அலுப்பு ஒன்றுதான் அதுவரை அவர்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

கிழங்கு எவ்வளவுதான் வாங்கும்? நிறைந்ததும் முளைவிட ஆரம்பித்தது. துளசிமணி வீட்டுக் கிழங்குதான், வெங்காயத்தின் புண்ணியத்தில், முதலில் முளைத்தது. முளைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. கெட்டியாக இருந்து முளை சின்னதாக இருந்தால் ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டுத் தோலைச் சீவி வேகவைத்துக்கொள்ளலாம். பச்சையடித்தது, கசக்கிறது, சுருங்கி மெத்தென்று ஆனது எல்லாம் குப்பைக்குழிக்கு, வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. ஆனால் இந்தக் கிழங்கின் சங்கதி வேறு. சபூராவின் புருஷன் காஜா, நல்ல கெட்டிக் கிழங்கு வீணாகிறதே என்று, மூலை அறை வாசலில் கிடந்த ஒன்றை எடுத்து, கை கனத்ததையும் பொருட்படுத்தாமல் முளை நீக்கி, தோல் சீவி, பொரியல் செய்து தின்றான். தின்றவன் எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்து, மருமகள் சட்னிக்கு உப்பே போடுவதில்லை என்று விடாமல் புலம்பினான். காஜாவுக்கு மருமகள் கிடையாது. மூலை அறைக்காரிக்கு உண்டு. தன் புலம்பல் இன்னொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டு அந்த மூலை அறைக்காரி வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகவே தின்ன முடியாது. கொட்டவும் முடியவில்லை. சாக்கடையோரம் கொட்டினதைத் தின்ற மாடுகள் மலைப்பாதையின் நடுவில் படுத்துக்கொண்டு, ஹாரன் அடித்த லாரிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டன. ஒவ்வொரு வீட்டிலும் கிழங்கு குவிந்தது, வெள்ளை வெள்ளையாக முளைகள் பெஞ்சுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தன, நடக்க இடமில்லை.

வழி சொன்னவள் துளசிமணி. குழாயடியில் குடம் நிறைகிற நேரத்தில் சொன்னாள்.

"முளையத் தேச்சு எடுத்துப்போட்டு, சிப்பத்துக்கு நாலு கெழங்கு வீதம் கலந்து வெளியூருக்கு அனுப்பிச்சர்லாம். ஊருஊரா பிரிஞ்சு போனா ஆளுக்குத் துளிதான் வரும். அவிங்களுக்கும் தெரியாது, நமக்கும் எடஞ்சலு தீந்துது."

"தப்பில்லியா துளசி?" என்றாள் சபூரா.

"நம்ம அலுப்ப நாமளே எத்தன நாளைக்குக்கா சொமக்கறது? அவிங்களும் சித்தெ சொமக்கட்டும்."

நியாயம் போலத்தான் இருந்தது. மறுநாளிலிருந்து, ஒரு கெட்ட கிழங்கைத் தாண்டவிடாத அந்தக் கை, மடியில் கட்டிவந்த கனத்த கிழங்கை எடுத்து எடுத்து நடுத்தரக் குவியலில் போட்டது. முதல் நாள் விரல் கொஞ்சம் கூசியது. கூச்சத்தையும் கிழங்கு வாங்கிக்கொண்டதோ என்னவோ, மூன்றாம் நாள் கூசவில்லை.

சிப்பம் போன ஊர்களில் என்னென்னவோ நடந்தது என்று லாரிக்காரர்கள் வந்து சொன்னார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி சாப்பிட்டவர்கள் இலையை மடித்துவிட்டு அங்கேயே சாய்ந்துகொண்டார்களாம், மாப்பிள்ளை தாலி கட்டினதும் பெண்ணின் தோளில் தலையை வைத்துத் தூங்கிவிட்டானாம். ஓர் அலுவலகத்தில் மத்தியானத்துக்கு மேல் யாரும் பேசுவதே இல்லையாம். இவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். துளசிமணியும் சிரித்தாள்.

புரட்டாசி வெயிலில் ஒரு மத்தியானம், நாச்சிமுத்துவைப் புரட்ட வீட்டுக்கு வந்தபோது, படியில் சுகந்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பை கிடந்தது. விடுதியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வார்டில் நின்றபடியே தூங்கி விழுகிறாள், ரத்தமெல்லாம் சோதித்தாயிற்று, ஒரு குறையும் இல்லை, வீட்டில் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"என்ன கண்ணு பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலம்மா. முடியல. எந்திரிச்சு நின்னாவே முடியல."

இருபது வயதுப் பெண்ணின் முகத்தில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்தக் கறுப்பைத் துளசிமணி கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

"ஆஸ்டல்ல என்ன சாப்பாடு போடறாங்க?"

"தெனமும் கெழங்குதாம்மா. பொரியல், குருமா, போண்டா, எல்லாத்துலயும் அதுதான்."

உள்ளே கூட்டிவந்து நாச்சிமுத்துவின் கட்டிலுக்கு எதிரே பாயில் படுக்கவைத்தாள். படுத்ததும் கண் சொருகியது, கண் சொருகினதும் பேச ஆரம்பித்தாள். தண்ணி வந்துருச்சா என்றாள். கொடத்த ஆரோ தள்ளி வெச்சுட்டாங்க என்றாள். அவரத் திருப்பிப் போடோணும், முதுகு புண்ணாயிரும் என்றாள். ஒருநாளும் அவள் அப்பனைப் புரட்டிப் போட்டதில்லை, துளசிமணி அவளைச் செய்யவிட்டதில்லை. கட்டிலில் நாச்சிமுத்து தலையைத் திருப்பி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது சுகந்தி, அவள் அம்மாவின் குரலில், அம்மா யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"விழுந்த அன்னிக்கே போயிருந்தா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

சொல்லிவிட்டு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். துளசிமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலுப்பே இல்லாத உடம்பு, ஆனாலும் நிற்க முடியவில்லை.

"இது புள்ள பேச்சில்ல" என்றான் நாச்சிமுத்து.

"இல்லீங்க."

"உன்ற பேச்சு."

"ஆமாங்க."

"எப்ப நெனச்ச?"

"ஒருநாளுன்னு இல்லீங்க. தண்ணி லேட்டா வர்ற நாளெல்லாம் நெனப்பேன்."

நாச்சிமுத்து கூரையைப் பார்த்தான். இத்தனை வருஷமாகப் பார்க்கிற கூரை, அதில் அவனுக்குத் தெரியாத ஓட்டை இல்லை.

"நானும் நெனச்சிருக்கறேன்" என்றான். "அது கெடக்குது உடு. மொதல்ல புள்ளகிட்ட இருந்து அத எறக்கு. அது தூக்கற வயசா இது?"

துளசிமணி அன்று மண்டிக்குத் திரும்பிப் போகவில்லை. பெஞ்சுக்கு அடியில் பழையதையெல்லாம் வாரி ஒரு பக்கம் வைத்துவிட்டு, புதுக்கிழங்கைப் பரப்பி, மகளைப் பெஞ்சின் மேல் படுக்கவைத்து, சீக்கிரம் வாங்கி முளைக்கட்டும் என்று வெங்காயக் கொத்தைக் கிழங்குக்குப் பக்கத்தில், இந்த முறை தெரிந்தே, கட்டினாள். அவள் தரையில் படுத்தாள். நாளாக நாளாக மகள் முகத்தில் கறுப்பு வடிந்தது, கிழங்கில் முளை ஏறியது. ஒரு காலையில் சுகந்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, பசிக்கிறது என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் துளசிமணிக்கு வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது, அழுதாள்.

குழாயடியில் அவள் எல்லோரிடமும் சொன்னாள், அவரவர் அலுப்பை அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அது தெரியாத வீட்டுக்குப் போவதில்லை, தெரிந்த வீட்டுக்குத்தான் சுற்றிக்கொண்டு வருகிறது என்று. சபூரா கேட்டாள். சிலர் கேட்டார்கள். கேட்காதவர்கள் இன்றும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டு மத்தியானத்தில் காரணமில்லாமல் கண் சொருகுகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டால் சரி. துளசிமணியின் கை மட்டும் பழையபடி ஆனது, நடுத்தரத்தில் கிடந்த கனத்த கிழங்குகளைத் தொட்டதும் தெரிந்து பொறுக்கி எடுத்துக் கழிவில் போட்டது. சிப்பம் தாமதமாகிறது என்று வெள்ளிங்கிரி வந்து நின்றார். அவள் நிமிர்ந்து பார்க்காமல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளிடமிருந்து அலுப்பை வாங்கின கிழங்கையெல்லாம் முன்னால் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுகந்தி சபூரா வீட்டுக்குச் சோறு தின்னப் போயிருந்தாள். பச்சையடித்ததும் மெத்தென்று போனதும் குழிக்கு என்று ஒதுக்கினாள். அதில் போன அலுப்பு போனதுதான், அதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. மீதியில் முளையை ஆழமாகத் தோண்டி எறிந்தாள், தோலைத் தடிமனாகச் சீவினாள், உப்புப் போட்டு வேகவைத்தாள். ஆறுகிறவரைக்கும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்து ஒரு வாய் தின்றாள். தோளில் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. இன்னொரு வாய் தின்றாள், இடுப்பில் உட்கார்ந்தது. தன்னுடையது என்று தெரிந்தது.

"எனக்கும் ரெண்டு குடு" என்றான் நாச்சிமுத்து.

"உங்களுக்கு எதுக்குங்க இது?"

"பாதி என்னாலதான வந்துச்சு. குடு."

அவள் தயங்கினாள். அவன் கையை நீட்டியபடியே இருந்தான். ஒரு கிழங்கை மசித்து ஊட்டினாள், அவன் மெதுவாக மென்று விழுங்கினான். இரண்டாவதைப் பாதி தின்றதும் போதும் என்று கையைக் காட்டினான். அவன் நெற்றியில் வேர்த்தது, தோள்கள் இறங்கின, அவனுக்குச் சொந்தமில்லாத கால்கள்கூடக் கனத்தது போலக் கட்டில் கயிறு தொய்ந்தது. கண்ணை மூடியபடியே கேட்டான்.

"இத்தனையுமா துளசி?"

"இது ஒருநாளத்ததுங்க."

அவன் கையை நகர்த்தித் தேடி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வெளியே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டது, குடங்கள் இடித்துக்கொண்டன, யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"முடியல" என்றாள் துளசிமணி. அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதை அந்த வீடு அதற்கு முன் கேட்டதில்லை.

"படு" என்றான் அவன். "நான் முழிச்சிருக்கறேன்."

கட்டிலுக்குக் கீழே, அந்த ஈரத் தரையிலேயே தலையைச் சாய்த்துப் படுத்தாள். தண்ணீர் வந்து, நின்று போகிறவரைக்கும் அவளை யாரும் எழுப்பவில்லை.